தாம்பரம் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, போகலாமா? இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடும் விதம்

2022 செப்டம்பரில் எங்கள் வீட்டுக்காரருக்கு, தாம்பரத்துக்கு மேற்கே கம்பெனிகள் நிறைந்த ஒரகடத்தில் வேலை கிடைத்தது. அது முதலில் தெரிந்தது மண்ணச்சநல்லூரில் இருக்கும் என் மாமியாருக்கு, அடுத்து வீட்டுக்காரரின் கூட்டாளிக்கு, மூன்றாவதாகத்தான் எனக்கு. அதற்குள் போனில் எச்.ஆரிடம் "ஓகே சார், வந்துடறேன்" என்று வேறு சொல்லியாயிற்று. மூன்று நாள் வீட்டில் பேச்சு இல்லை, சாப்பாட்டுத் தட்டு மட்டும் சத்தமாகப் பேசியது.

அதனால் முதல் வழிமுறை இதுதான், இதற்குக் கணக்கு நோட்டு கூட வேண்டாம். வேலை வந்திருக்கிறது என்று போன் வந்தால் "வீட்டில் பேசிவிட்டு இரண்டு நாளில் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு வையுங்கள். அப்படிச் சொன்னதற்காக எந்த எச்.ஆரும் வேலையைப் பிடுங்கிக்கொண்டு போவதில்லை. பிறகு வீட்டுக்கு வந்து மனைவியிடமோ கணவனிடமோ முதலில் சொல்லுங்கள், அம்மா அப்பாவுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். ஊர் மாறுவது நல்லதா கெட்டதா என்ற விவாதமே, "என்னிடம் ஏன் கடைசியில் சொன்னாய்" என்ற சண்டையாக மாறிவிட்டால் அப்புறம் எந்தக் கணக்கும் ஓடாது.

எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வருகிற எல்லா எண்ணும் அதிலிருந்து வருவதுதான். திருச்சி உறையூரில் வாடகை வீடு. அவர் துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் குவாலிட்டி. நான் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன், இரண்டு மெஷினும் ஒரு ஓவர்லாக்கும். மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. வேலை ஒரகடம் என்றாலும் குடியிருக்கப் பார்த்தது தாம்பரம், கூடுவாஞ்சேரி, படப்பை. சொந்தக்காரர்களிடம் எல்லோரும் "சென்னைக்குப் போறோம்" என்றுதான் சொல்லுவோம், ஆதாரில் முகவரி மாற்றும்போதுதான் தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம் என்று உறைக்கும்.

ஆளுக்கு ஒரு பக்கம்

நான்காம் நாள் மகளின் பழைய ரஃப் நோட்டை எடுத்து நடுவில் கிழித்து ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்துக்கொண்டோம். கேள்வி இரண்டே இரண்டு. போனால் நான் எதை இழப்பேன், போகாவிட்டால் எனக்கு என்ன பயம். பேசக்கூடாது, பார்த்து எழுதக்கூடாது, அரை மணி நேரம் கழித்து மாற்றிக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி இருக்கிறது என்று சிரிப்பீர்கள், நானும் சிரித்தேன்.

என் பக்கத்தில் என்ன இருக்கும் என்பது அவருக்கு ஓரளவு தெரியும்: கஸ்டமர்கள், மாமியார் வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, வெள்ளிக்கிழமை வெக்காளியம்மன் கோயில். அவர் பக்கம்தான் எனக்கு அதிர்ச்சி. இந்த மனிதர் சம்பளத்துக்கும் "சென்னை கம்பெனி" என்ற பெருமைக்கும் ஆசைப்பட்டுத் துள்ளுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அவர் எழுதியிருந்த முதல் வரி, "ஞாயிற்றுக்கிழமை முக்கொம்பு போக முடியாது". இரண்டாவது பகுதியில், ஆர்டர் குறைந்துவிட்டது, ஆறு மாதமாகச் சம்பளம் இருபது நாள், நாற்பது நாள் என்று தள்ளித் தள்ளி வருகிறது, கூட்டாளியிடம் கடன் வாங்கித்தான் மாதாமாதம் ஒன்றாம் தேதி உன்னிடம் கொடுத்தேன் என்று இருந்தது.

வாய்ப்பேச்சில் இது வந்திருக்கவே வந்திருக்காது. "என்னங்க, ஏன் சொல்லல?" என்றதற்கு "சொன்னா நீ இன்னும் ரெண்டு பிளவுஸ் சேர்த்துத் தைப்ப" என்றார். கோபம் வந்ததா அழுகை வந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து நாங்கள் பேசியது வேறு விஷயம். "சென்னைச் சம்பளமா திருச்சி நிம்மதியா" என்று நாங்கள் பிடித்துக்கொண்டிருந்த தராசே பொய், திருச்சித் தட்டில் நிம்மதியே இல்லை. உங்கள் வீட்டிலும் ஒருத்தர் இவ்வளவு அவசரமாகப் போக நினைத்தால், அல்லது இவ்வளவு பிடிவாதமாக வரமாட்டேன் என்றால், சம்பளத்துக்குப் பின்னால் வேறு ஏதோ ஒன்று இருக்கிறது. எழுதச் சொல்லுங்கள்.

60,000 எப்படி 46,000 ஆகிறது

எச்.ஆர். சொல்லும் எண் சி.டி.சி., அதாவது கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு. எங்களுக்குச் சொன்னது வருடத்துக்கு 7,20,000. பன்னிரண்டால் வகுத்து "மாசம் அறுபதாயிரம்" என்று அவர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அதைப் பிரித்து எழுதித் தரச் சொல்லி மெயில் போடச் சொன்னேன். வந்ததில், வேரியபிள் என்று வருடக் கடைசியில் கம்பெனி நினைத்தால் தருவது 60,000. கம்பெனி பங்கு பி.எஃப். 36,000 (அடிப்படைச் சம்பளம் 25,000, அதில் 12 சதவீதம்). கிராஜுவிட்டிக்கு (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) ஒதுக்கியது 14,430. மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பிரீமியம் 9,570. ஆக 1,20,000 மாதச் சம்பளமாகக் கைக்கு வராது. மிச்சம் மாதம் 50,000, அதில் நம் பங்கு பி.எஃப். 3,000, கேன்டீன், பஸ், தொழில் வரி எல்லாம் போனால் 46,000. பழைய சம்பளம் கையில் 33,000. ஆக உயர்வு 13,000, அவ்வளவுதான்.

எச்.ஆர்.ஏ. என்னும் வீட்டு வாடகைப்படி பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். புது வருமான வரி முறையில் வீட்டு வாடகைக்கு விலக்கு கிடையாது, இந்த அளவு சம்பளத்துக்கு அந்த முறையில் வரியும் வராது.

இன்னொன்று, பழைய கம்பெனியில் எத்தனை வருடம் ஆகிறது என்று நாள் கணக்காகப் பாருங்கள். நிரந்தர ஊழியருக்கு கிராஜுவிட்டி கிடைக்க ஐந்து வருடத் தொடர் வேலை வேண்டும் என்பது பொது விதி. அவருக்கு அப்போது நான்கு வருடம் பத்து மாதம். புதுக் கம்பெனிக்காரர்கள் "நோட்டீஸ் பீரியடைப் பணமாகக் கட்டிட்டு உடனே வாங்க" என்றார்கள், இவரும் தயார். நான்தான் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை பீரோவிலிருந்து எடுத்துத் தேதியைக் காட்டினேன். இரண்டு மாத நோட்டீஸை ஒழுங்காக முடித்தாலே ஐந்து வருடம் ஆகிவிடும். கடைசி அடிப்படைச் சம்பளம் 18,000, அதை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து ஐந்து வருடத்தால் பெருக்கினால் 51,923 ரூபாய். நோட்டீஸுக்குக் கையைவிட்டுக் கட்டியிருக்க வேண்டிய பணமும் மிச்சம். புதுக் கம்பெனி முனகிவிட்டு டிசம்பர் வரை காத்திருந்தது.

இப்போது செலவுப் பக்கம். உறையூரில் வாடகை 6,000. தாம்பரத்தில் அதே மாதிரி வீட்டுக்கு 12,000, மெயின்டனன்ஸ் 1,500. வித்தியாசம் 7,500. பள்ளி வேன் 1,000. ஊருக்குப் போய்வரும் செலவு சராசரியாக மாதம் 1,500. இதுவரைக்கும் எல்லோரும் போடுவார்கள். எல்லோரும் விட்டுவிடுவது அடுத்த வரியைத்தான், ஏனென்றால் அதற்குச் சம்பளச் சீட்டு கிடையாது.

என் தையல் வருமானம். நூல், லைனிங், கொக்கி, கரண்ட் எல்லாம் போக எவ்வளவு என்று எனக்கே சரியாகத் தெரியாது, "ஏதோ கைச்செலவுக்கு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அளவு நோட்டை எடுத்து ஒரு வருடத்தைக் கூட்டினோம். ஆடி, தீபாவளி, பொங்கல், முகூர்த்த மாதங்களில் ஏறும், மார்கழியில் படுக்கும், சராசரி மாதம் 9,000. அவர் கால்குலேட்டரை இரண்டு முறை தட்டிப் பார்த்தார். ஊர் மாறினால் இது பூஜ்யம். மெஷினை லாரியில் ஏற்றலாம், கஸ்டமரை ஏற்ற முடியாது. ஆக 13,000-இல் 7,500 போய், 1,000 போய், 1,500 போய், 9,000 போனால், மைனஸ் 6,000. சம்பள உயர்வு வாங்கிக்கொண்டு மாதம் ஆறாயிரம் குறைவாக வாழ்வது. வீட்டில் இருந்தபடி டியூஷன் எடுப்பவர், முறுக்கு போட்டு விற்பவர், சீட்டு பிடிப்பவர், எல்.ஐ.சி. ஏஜென்டு, எல்லோருக்கும் இதே கதைதான். அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியை என்றால் இன்னும் கஷ்டம், அந்த வேலை அந்த நிர்வாகத்தோடு கட்டியது. மத்திய அரசு, வங்கி என்றால் டிரான்ஸ்ஃபர் கேட்கலாம், ஆனால் "கேட்டால் கிடைக்கும்" என்று யாராவது சொன்னால் கிடைத்த ஆளைக் காட்டச் சொல்லுங்கள். துணையின் புது வருமானத்துக்கு முதல் பன்னிரண்டு மாதம் பூஜ்யம் என்றே போடுங்கள், அதற்கு முன்னால் வந்தால் லாபம்.

அந்த மைனஸ் ஆறாயிரத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கம்பெனியிடம் பேச வேண்டும். "கொஞ்சம் கூட்டித் தாங்க" என்று கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். "குடும்பத்தோடு வருகிறேன், மனைவியின் வருமானம் நிற்கிறது, கையில் 50,000 வந்தால் சரியாக இருக்கும்" என்று எண்ணைச் சொல்லிக் கேட்டதில் 49,500-க்கு வந்தார்கள், வீடு மாற்றும் செலவுக்கு 25,000 தனியாக. ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டால் அந்த 25,000-ஐத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஆர்டரில் பொடி எழுத்தில் இருந்தது, படித்துவிட்டுத்தான் கையெழுத்து.

அப்படியும் மாதம் 2,500 குறைகிறது. பிறகு ஏன் போனோம்? துவாக்குடியில் வருவதாகச் சொன்ன 33,000 நாற்பது நாள் கழித்து வருகிற 33,000, அதுவும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது. இன்னொரு காரணம் அந்தப் பகுதியே. மறைமலை நகரில் ஃபோர்டு 2021-இல் அறிவித்து 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது, எங்களுக்கு வேலை வந்தபோது அந்தச் செய்தி இன்னும் சூடு ஆறவில்லை, என் தம்பி அதைச் சொல்லித்தான் பயமுறுத்தினான். ஆனால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலை நகர், மஹிந்திரா சிட்டி என்று அந்தச் சுற்றுவட்டம் முழுக்கக் கம்பெனிகள், அவற்றுக்குப் பாகம் செய்து தரும் சின்னக் கம்பெனிகள் இன்னும் நிறைய. இந்த வேலை போனாலும் வீட்டை மாற்றாமல் அடுத்த வேலை தேட முடியுமா என்று கேட்டோம், முடியும் என்று பட்டது. ஒரே ஒரு ஆலையை நம்பி நிற்கிற ஊராக இருந்திருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை எந்த ஊரும் அழகாகத்தான் இருக்கும். தாம்பரம் வழியே போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் கூட காற்று வரும். நாங்கள் அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் வந்து விடியுமுன்னே தாம்பரத்தில் இறங்கினோம். அந்த ரயில் தாம்பரத்திலேயே நிற்பது பெரிய வசதி, எழும்பூர் போய்த் திரும்ப வேண்டாம். இறங்கியதும் வீடு பார்க்கப் போகவில்லை, முடிச்சூர் ரோட்டில் டீ குடித்துக்கொண்டே கம்பெனி பஸ்கள் எப்போது வருகின்றன, எங்கே நிற்கின்றன என்று பார்த்தோம். ஏ ஷிஃப்ட் பஸ் ஐந்தேகாலுக்கு. அப்படியென்றால் நான் எத்தனை மணிக்கு அடுப்பு பற்றவைக்க வேண்டும்? இந்தக் கணக்கை அந்த டீக்கடையில் நின்றுதான் போட முடியும், உறையூரில் உட்கார்ந்து போட முடியாது.

பிறகு பிரிந்து போனோம். அவர் கம்பெனி வரைக்கும் பஸ்ஸில் போய்வந்தார். நான் சண்முகம் சாலைக்குப் போனேன், மேற்குத் தாம்பரத்தின் கடைவீதி அது. இரண்டு தையல்கடையில் லைனிங் பிளவுஸுக்கு என்ன கூலி என்று கஸ்டமர் மாதிரி விசாரித்தேன். உறையூரில் நான் 200 வாங்கிக்கொண்டிருந்தேன், இங்கே 350, 400 என்றார்கள். சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிடமே, இந்த ஊரில் என்னிடம் ஒருத்தருடைய அளவு ஜாக்கெட் கூட இல்லையே என்று தோன்றியது. இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு முறை சப்வே பக்கம் நடந்து பாருங்கள். ரயில் பாதை ஊரை ஈஸ்ட், வெஸ்ட் என்று இரண்டாகப் பிளக்கிறது. வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் என்று காட்டும் பள்ளிக்கூடம் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தால், அது ஒரு கிலோமீட்டர் அல்ல, அரை மணி நேரம். வேலை, பள்ளி, கடை மூன்றும் ஒரே பக்கம் வருகிற மாதிரி வீடு கிடைத்தால் ஆயிரம் ரூபாய் வாடகை கூடக் கொடுக்கலாம் என்பேன். மின்சார ரயில் பற்றி ஒரு வார்த்தை: தாம்பரத்திலிருந்து கடற்கரை போக வண்டிகள் அடிக்கடி உண்டு, தாம்பரத்துக்குத் தெற்கே செங்கல்பட்டுப் பக்கம் அவ்வளவு கிடையாது. கூடுவாஞ்சேரியில் வாடகை குறைவு என்று போகிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வீடு: தண்ணீர் எங்கே நின்றது?

2015 டிசம்பர் முதல் நாள் மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளுக்குள் ஆள் உயரம் தண்ணீர். இதை வீட்டு ஓனர் சொல்லமாட்டார், புரோக்கர் சொல்லவே மாட்டார், அவருக்கு ஒரு மாத வாடகை கமிஷன். கேட்க வேண்டியது தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரை. அவர் பல வருடமாக அதே வேப்பமரத்தடியில் நிற்கிறார். "அண்ணே, 2015-ல இங்க தண்ணி எதுவரைக்கும்?" என்று கேட்டேன். மனிதர் பேசவே இல்லை, தன் மார்பில் கையை வைத்துக் காட்டினார். அந்தத் தெருவை அத்தோடு விட்டோம்.

கேட்க ஆள் இல்லாவிட்டால் கண்ணால் பார்க்கலாம். வாசற்படி ரோட்டைவிடத் தாழ்ந்திருக்கிறதா? ரோடு மேல் ரோடு போட்டுப் போட்டு உயர்ந்துவிட்ட தெருக்கள் நிறைய. காம்பவுண்டு சுவரில் ஒரே மட்டத்தில் பழுப்புக் கோடு ஓடுகிறதா? பக்கத்து வீட்டுக்காரர்கள் மோட்டாரையும் ஈ.பி. மீட்டரையும் மேடை கட்டி உயரத்தில் வைத்திருக்கிறார்களா? அவர்கள் அதைப் பார்த்துவிட்டு வைத்தவர்கள். நாங்கள் ஈஸ்ட் பக்கம் இரண்டாம் மாடியில் எடுத்தோம், அடுத்த 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது கரண்ட் இல்லை, பால் இல்லை, ஆனால் பிள்ளையும் தையல் மெஷினும் நனையவில்லை.

மழைக்குத் தண்ணீர் அதிகம், கோடைக்குத் தண்ணீர் இல்லை, இதுதான் இந்தப் பக்கம். மோட்டாரைப் போடச் சொல்லி ஒரு வாளி பிடித்துப் பாருங்கள். சோப்பு நுரைக்கிறதா, குழாயில் வெள்ளைப் படிவு இருக்கிறதா, மே மாதத்தில் லாரித் தண்ணீர் வாங்கினார்களா, வாங்கினால் அந்தக் காசை யார் கொடுத்தார்கள். 

அட்வான்ஸ்: தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் வைப்புத்தொகை கூடாது என்கிறது, வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர. அந்தத் "தவிர"-வில்தான் ஐந்து மாதம், பத்து மாதம் எல்லாம் நுழைகிறது. எங்களிடம் ஐந்து கேட்டார்கள், 60,000, அந்தப் பணம் காலி செய்யும்வரை முடங்கும் என்பதையும் கணக்கில் எழுதுங்கள். அக்ரிமென்டைப் பதிவு செய்யுங்கள், கேஸ், பள்ளி, ஆதார் எல்லாவற்றுக்கும் அதுதான் முகவரிச் சான்று. ஈ.பி. தனி இணைப்பா அல்லது ஓனர் வைத்த சப்-மீட்டரா என்று கேட்க மறக்காதீர்கள், தனி இணைப்பு என்றால் அரசு தரும் இலவச யூனிட் உங்களுக்கு வரும், சப்-மீட்டர் என்றால் ஓனர் சொல்வதுதான் ரேட்.

அத்தைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பு முடியாவிட்டால்

பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது "நீங்களும் எங்ககூட வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுக் கடமை முடிந்ததாக நினைப்போம். அத்தை, அதாவது என் மாமியார், வரமாட்டார் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டாம் மாடியில் உட்கார்ந்து யாரோடு பேசுவார்? கேட்க வேண்டிய கேள்வி வேறு. சர்க்கரை இறங்கி ராத்திரி இரண்டு மணிக்கு மயக்கம் வந்தால் கதவைத் தட்டுவது யார் வீட்டுக் கதவு? மாத மருந்து யார் வாங்குவது? கண் ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது? இதை என் கொழுந்தனாரையும் ஓரகத்தியையும் உட்காரவைத்து நேராகக் கேட்டோம். "நாங்க பாத்துக்கறோம்" என்று அவர் சொன்னதும் விஷயம் முடிந்தது என்று எங்கள் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். ஓரகத்தி முகத்தைப் பார்த்தேன், பார்க்கப்போவது அவள்தானே. தனியாகக் கேட்டதில், ஆஸ்பத்திரிச் செலவு வேண்டாம், மாதத்தில் இரண்டு நாள் தன் அம்மா வீட்டுக்குப் போய்வர விட்டால் போதும், அந்த இரண்டு நாள் நீங்கள் வாருங்கள் என்றாள். ஊருக்குப் போய்வரும் 1,500 அப்படி வந்ததுதான்.

அந்தப் பயணம் இப்போது எளிது. நாங்கள் வந்த புதிதில் பெருங்களத்தூரில் ரோட்டோரம் மூட்டையோடு நின்று திருச்சி பஸ்ஸுக்குக் கைகாட்டினோம், 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தபிறகு உட்கார்ந்து ஏறுகிறோம். சென்னை நகரத்துக்குள் இருப்பவர்கள் கிளாம்பாக்கத்தைத் திட்டுவார்கள், எங்களுக்கு அது வீட்டு வாசல். ரயில் டிக்கெட் இப்போதெல்லாம் 60 நாள் முன்னால்தான் திறக்கிறது, பொங்கலுக்குப் போகிறவர்கள் நவம்பரிலேயே விழித்திருக்க வேண்டும்.

முதலில் ஒருவர், பிறகு வீடு

எல்லோரும் ஒன்றாகக் கிளம்ப வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆறு மாதம் புரொபேஷன் என்றால், அது முடிவதற்குள் பிள்ளையின் டி.சி.யை வாங்கிவிட்டுப் போய் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் டிசம்பரில் தனியாகப் போனார், படப்பையில் நான்கு பேரோடு ஒரு ரூம், பங்கு 3,500, மெஸ் சாப்பாடு. நான் பொங்கல் பிளவுஸ், தை மாசி முகூர்த்தம் எல்லாம் தைத்து முடித்தேன், மகள் ஆண்டுத்தேர்வு எழுதினாள். மே கடைசியில், ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, உறுதிக் கடிதம் வந்துவிடும் என்று மேனேஜர் சொன்னபிறகே லாரி பேசினோம்.

இந்த ஏற்பாட்டுக்கு விலை உண்டு, மறைக்கவில்லை. இரண்டு அடுப்பு எரியும். மகள் சாயங்காலம் ஆனால் வண்டிச் சத்தத்துக்குக் காதைக் கொடுப்பாள். அவர் நான்காம் மாதம் ஆறு கிலோ இளைத்து வந்தார். ஆறு மாதத்துக்கு மேல் இதை இழுக்கக்கூடாது. "இன்னும் கொஞ்ச நாள்" என்று இழுத்து, ஐந்து வருடமாக மாதம் ஒருமுறை விருந்தாளி மாதிரி வந்துபோகிற அப்பாக்களை எனக்குத் தெரியும். கிளம்பும் முன்பே மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது செய்ய வேண்டிய சில்லறை வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்: கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து வவுச்சர் வாங்கிக்கொள்ளுங்கள், புது ஊரில் அதைக் காட்டி இணைப்பு வாங்கலாம். ரேஷன் கார்டு முகவரி ஆன்லைனில் மாறும். பள்ளியில் டி.சி.யோடு மதிப்பெண் சீட்டையும் கேளுங்கள். பழைய கம்பெனியின் ரிலீவிங் லெட்டர் கைக்கு வராமல் ஊரைவிட்டுக் கிளம்பாதீர்கள்.

எனக்கு அதிக நேரம் எடுத்தது அளவு ஜாக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுப்பது. முப்பத்தெட்டு, ஒவ்வொன்றும் பெயர் எழுதிய கவரில். ஒவ்வொரு வீடாகப் போய்க் கொடுத்தேன். ஏழு பேர் வாங்கவில்லை, "இருக்கட்டும், தீபாவளிக்கு வருவல்ல, அப்பத் துணி தரேன்" என்றார்கள். அந்த ஏழு கவரும் தாம்பரத்துக்கு வந்தன. இங்கே ஏழாம் மாதம்தான் கீழ் வீட்டு அக்கா ஒரு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்தார், அதற்குள் அந்த ஏழு பேரின் தீபாவளி பிளவுஸை இங்கே தைத்து அத்தையிடம் கொடுத்து அனுப்பியிருந்தேன். இரண்டாம் வருடக் கடைசியில் மாதம் 7,000 வரைக்கும் வந்திருக்கிறேன், பழைய ஒன்பதை இன்னும் தொடவில்லை.

நோட்டில் கடைசியாக எழுத வேண்டியது ஒரு தேதி. போனது சரியா, இருக்கலாமா, திரும்பலாமா என்று மறுபடி உட்கார்ந்து பேசும் நாள். அதுவரை "நான் அப்பவே சொன்னேன்" என்று யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம், அவர் இரண்டு முறை மீறினார், நான் எண்ணவில்லை. எங்கள் தேதி ஒவ்வொரு வருடமும் சித்திரை முதல் நாள், பாயசம் குடித்தபிறகு. போன தடவை நான் நோட்டைத் திறந்தபோது புதுப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் முதல் வரி ஏற்கெனவே இருந்தது: "அவ மெஷின் கணக்கு முதல்ல."